டப்பாவில் இருப்பதும் தட்டில் இருப்பதும்



நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். நாய்களின் உணவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு நாய்க்குச் சோறு போடுவதில் நான் பெரிய தவறொன்றைச் செய்தேன். அந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

மயிலாப்பூரில் மாட வீதிகளை அடுத்த ஒரு சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. அந்தச் சந்துக்கே பொதுவான நாய் ஒன்று உண்டு. பெயர் மணி. பதினைந்து கிலோ எடை இருக்கும். இரவில் எங்கள் வாசற்படியில்தான் படுக்கை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அதன்மேல் மிகுந்த பிரியம். ஒரு நாள் தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போனவள், வளர்ப்புப் பிராணிகளுக்கான கடையொன்றில் ஒரு டப்பாவைப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, அதிலே நாய்க்கு வேண்டிய நொதிகளும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் இருக்காம். அறிவியல் முறையில் தயாரித்ததுன்னு எழுதியிருக்கு. என் உண்டியல் பணம் போதும். மணிக்கு வாங்கலாமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்க்கலாம்மா" என்று சொல்லி வைத்தேன்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். வெங்காய சாம்பார் நிறைய மீந்துவிட்டது. வீணாக்குவானேன் என்று இரண்டு நாள் வேளாவேளைக்கு அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து மணிக்கு வைத்தேன். அடியில் தங்கியிருந்த சின்ன வெங்காயத்தையும் கரண்டியால் அரித்தெடுத்துப் போட்டேன். மணியும் தட்டை நக்கித் துடைத்தது.

நான்காம் நாள் மணி படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஈறுகள் வெளுத்திருந்தன. சிறுநீர் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டது?" என்பதுதான். பிறகு ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். "சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. வெங்காயம் செய்த வேலை. ஆக்சிஜனேற்றத்தால் வந்த கேடு இது" என்றார்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டப்பாவை வாங்கலாமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஆக்சிஜனேற்றத்தை உண்டாக்கும் பொருளை நானே அதன் தட்டில் போட்டிருக்கிறேன்! இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் நான் கூற வரும் கருத்து இந்த நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. நோயற்ற நாயின் உடல் தனக்கு வேண்டிய நொதிகளைத் தானே செய்துகொள்கிறது. ஆக்சிஜனேற்றத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகளும் அதனிடம் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள்களை உணவில் தருவதும், அவற்றைக் குலைக்கும் பொருள்களை விலக்குவதுமே நம் கடமை. டப்பாவைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நொதி செய்யும் வேலை

நொதி என்பது ஒரு புரதம். உடலில் நடக்க வேண்டிய வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவழியாமல் நிற்கும் வினையூக்கி அது. ஒரு மேட்டைக் கடந்தால்தான் மறுபக்கம் உருள முடியும் என்றிருக்கும் பந்தை எண்ணிக்கொள்ளுங்கள். வேதிவினைக்கும் அதுபோல ஓர் ஆற்றல் மேடு உண்டு. நொதி அந்த மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது. அதனால்தான் அடுப்பின் வெப்பத்தில் நடக்க வேண்டிய வினைகள் நம் உடலின் 37 பாகை வெப்பத்திலேயே நடந்துவிடுகின்றன.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீர்த்த சோற்றுக் கஞ்சியை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் உமிழ்நீரையும், மற்றதில் நன்கு கொதிக்க வைத்து ஆறிய உமிழ்நீரையும் சேருங்கள். இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விடுங்கள். கொதித்த உமிழ்நீர் சேர்ந்த குழாய் கருநீலமாகும். அதில் மாவுப்பொருள் அப்படியே இருக்கிறது. மற்றதில் நீலம் தோன்றாது, அல்லது மிகவும் மங்கலாக இருக்கும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைத்துவிட்டது. கொதிக்க வைத்தபோது அந்தப் புரதத்தின் வடிவம் குலைந்தது. வடிவம் குலைந்த நொதி வேலை செய்யாது.

நாயின் உமிழ்நீரில் அமைலேஸ் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் நம் ஊர் நாய்கள் சோற்றைத் தின்று எப்படி வாழ்கின்றன? அந்த வேலையை அவற்றின் கணையம் செய்கிறது. கணையத்தில் சுரக்கும் அமைலேஸ் சிறுகுடலுக்கு வந்து சோற்றைச் செரிக்க வைக்கிறது.

இதில் சுவையான வரலாறு ஒன்று உண்டு. சுவீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 12 ஓநாய்களின் ஜீன்களையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் ஜீன்களையும் ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணைய அமைலேஸைச் செய்யும் ஜீன் ஓநாய்க்கு 2 பிரதிகளே இருந்தன. அவர்கள் ஆராய்ந்த நாய்களுக்கோ 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. பிரதிகள் கூடக் கூட நொதியும் கூடுதலாகச் சுரக்கும். மனிதன் தானியம் பயிரிட்டு அடுப்பு மூட்டி வாழத் தொடங்கியபின், அவன் போட்ட மிச்சத்தைச் செரிக்க வல்ல நாய்களே நன்கு பிழைத்துப் பெருகின எனலாம். எல்லா நாய்களும் ஒன்றுபோல் அல்ல. ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்க்கு ஓநாயைப் போல் 2 பிரதிகள்தாம். ஆயினும், நாய் சோறு தின்பது இயற்கைக்கு விரோதம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஆய்வே பதில்.

தயிர்ச்சோற்றிலும் ஒரு நொதிக் கதை இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி, குட்டி தாய்ப்பால் மறந்தபின் குறைந்துபோகிறது. ஆகவே வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். தயிரில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்னரே உடைத்துவிடுவதால், சிறிதளவு தயிர் பாலைவிட எளிதாக ஒத்துக்கொள்கிறது.

தூளாக வரும் நொதி

நொதியை உடலுக்கு வெளியே பயன்படுத்த முடியாதா என்று கேட்பீர்கள். தாராளமாக முடியும். இதற்கும் நாய்க்குமே ஒரு பழைய உறவு உண்டு. தோல் பதனிடுவோர் தோலை மிருதுவாக்க ஒரு காலத்தில் நாயின் மலத்தை நீரில் கரைத்துப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து வேலை செய்தவை நொதிகளே. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலார், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதிகளைக் கொண்டு அதே வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டினார். நம் அடையாறில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலும், தோலிலிருந்து மயிரை நீக்க நொதிகளைப் பயன்படுத்தும் முறைகள் ஆராயப்பட்டுள்ளன.

ஆனால் தோல் தொட்டியில் நொதிக்கு ஏற்ற வெப்பமும் அமிலத்தன்மையும் பார்த்து வைக்கப்படுகின்றன. நாயின் இரைப்பையோ கடும் அமிலம் நிறைந்தது. புரதங்களை உடைப்பதே அங்கு நடக்கும் வேலை. நொதியும் புரதம்தானே? வாய்வழியே போகும் நொதியில் பெரும்பகுதி முட்டையின் வெள்ளைக்கருவைப் போலவே அங்கு உடைபட்டுப் போகிறது. சமைத்தால் உணவிலுள்ள நொதிகள் அழிந்துவிடும், ஆகவே பச்சையாகக் கொடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அழிவது உண்மை. அழிவதால் நாய்க்குக் குறை ஒன்றும் இல்லை. வேகவைத்த அரிசியைத்தான் நாயின் அமைலேஸ் எளிதில் உடைக்கிறது. பச்சரிசியைப் பச்சையாகப் போட்டால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும்.

அப்படியானால் நொதித் தூள் முற்றிலும் ஏமாற்று வேலையா? அல்லவே அல்ல. சில நாய்களுக்குக் கணையத்தின் சுரப்பிப் பகுதி அழிந்துபோகும். நம்மவர்கள் அல்சேஷன் என்று அழைக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. அந்த நாய் அகோரப் பசியுடன் தின்னும். எனினும் நாளுக்கு நாள் இளைக்கும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையுடன், அளவில் மிகுந்து போகும். இரத்தச் சோதனையால் நோயை உறுதி செய்து, கணைய நொதித் தூளை ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து கொடுக்கிறார்கள். பொதுவாக வாழ்நாள் முழுவதும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நாய்க்கு அது உயிர் காக்கும் மருந்து. கிட்டப்பார்வை உள்ளவனுக்கு மூக்குக்கண்ணாடி இன்றியமையாதது. அதற்காக வகுப்பிலுள்ள எல்லாருக்கும் கண்ணாடி மாட்டிவிடுவதில்லை அல்லவா?

சிக்கு வாடையும் சிவப்பணுவும்

இனி ஆக்சிஜனேற்றத்தைப் பார்ப்போம். சம்படத்தில் வெகுநாள் வைத்த முறுக்கில் சிக்கு வாடை அடிப்பதை அறிவீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைத் தாக்குவதால் வரும் வாடை அது. அணுக்களிலும் மூலக்கூறுகளிலும் எலெக்ட்ரான்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்திருக்கும். சோடியிழந்து ஒற்றையாக நிற்கும் எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததைத் தாக்கும். இப்படி ஒரு சங்கிலி வினை தொடர்கிறது. இத்தகைய மூலக்கூறுகளைத் தனி உறுப்புகள் என்பர். எலெக்ட்ரானைத் தந்துவிட்டுத் தான் பெரிதாகப் பாதிக்கப்படாமல் நின்று, சங்கிலியை அறுக்கும் பொருளே ஆக்சிஜனேற்றத் தடுப்பான். வைட்டமின் ஈ அத்தகைய ஒன்று.

உயிருள்ள உடலில், மூச்சுவிடும் ஒவ்வொரு கணமும் இத்தகைய மூலக்கூறுகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அடக்கும் பணியில் முன்வரிசையில் நிற்பவை எவை தெரியுமா? நொதிகளே! சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969-இல் அமெரிக்காவில் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தனர். அதன் வகைகள் செயல்படத் தாமிரம், துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை வேண்டும். குளூட்டாத்தியோன் பெராக்சிடேஸ் என்ற நொதிக்குச் செலினியம் வேண்டும். கேட்டலேஸ் என்ற நொதிக்கு இரும்பு வேண்டும். காயத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் நுரை பொங்குமே, அது கேட்டலேஸின் வேலை. இந்த உலோகங்களும் தனிமங்களும் முட்டை, மீன், ஈரல், இறைச்சி போன்ற உணவுகளிலிருந்து மிகச் சிறு அளவில் கிடைக்கின்றன. நொதியை டப்பாவில் வாங்க வேண்டியதில்லை. அதைச் செய்யத் தேவையான பொருள் உணவில் இருந்தால் போதும். வெறும் சோறு மட்டும் போட்டால் அந்தப் பொருளும் புரதமும் குறைந்துபோகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை நாய் நம்மைவிடப் பாக்கியசாலி. அதைச் செய்யும் நொதியை மனித இனம் பரிணாமத்தில் இழந்துவிட்டது. ஆகவே நாம் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேட வேண்டியிருக்கிறது. நாயின் ஈரலோ அந்த வைட்டமினைக் குளுக்கோஸிலிருந்து தானே செய்துகொள்கிறது.

இப்போது மணியின் கதைக்கு வருவோம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள சில கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. கெட்டுப்போன ஹீமோகுளோபின் உறைந்து, அணுவின் சுவரோரம் புள்ளிகளாக ஒட்டிக்கொள்கிறது. மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டவை அந்தப் புள்ளிகள்தாம். ஹீன்ஸ் துகள்கள் என்று அவற்றுக்குப் பெயர். அத்தகைய அணுக்கள் எளிதில் உடைகின்றன. உடைந்த அணுவின் சாயம் சிறுநீரில் இறங்குகிறது. நாம் வெங்காயம் தின்று நலமாக இருக்க, நாய் ஏன் வீழ்கிறது? நாயின் சிவப்பணுக்களில் கேட்டலேஸின் செயல் மற்றப் பல விலங்குகளைவிடக் குறைவு என்பது ஒரு காரணம். ஆக, பாதுகாப்பு எங்கே பலவீனமோ அங்கேயே வெங்காயம் தாக்குகிறது.

உடல் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெங்காயத்தை ஒரே வேளையில் தின்ற நாய்களிடம் இக்கேடு காணப்பட்டுள்ளது. பதினைந்து கிலோ மணிக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்: 75 கிராம், சின்ன வெங்காயமாயின் ஏழெட்டு. சிறிது சிறிதாகப் பல வேளை தின்றாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். வேகவைப்பதால் இந்த நஞ்சு போய்விடுவதில்லை. எனவே சாம்பார், ஊத்தப்பம், பிரியாணி மசாலா எதுவும் நாயின் தட்டுக்கு ஆகாது. பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் கூடாது. அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. சாக்லெட்டும் நஞ்சே.

எதிர்க்கட்சியின் வாதம்

ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் வயதான பீகிள் இன நாய்களை நான்கு குழுக்களாகப் பிரித்து இரண்டாண்டு காலம் கவனித்து, 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு குழுவுக்குச் சாதாரண உணவு. இரண்டாவதற்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பசலைக்கீரை, கேரட் முதலியன சேர்த்த உணவு. மூன்றாவதற்குச் சாதாரண உணவுடன் நடைப்பயிற்சி, விளையாட்டுப் பொருள், துணைக்கு இன்னொரு நாய், புதிது புதிதாகக் கற்கும் வாய்ப்பு. நான்காவதற்கு இவை இரண்டும். கற்கும் திறனில் முதலில் நின்றது நான்காவது குழு. கிழ நாய்க்கு நல்ல உணவு உதவுகிறது; அதனுடன் நடக்கவும் விளையாடவும் ஒருவர் இருந்தால் மேலும் உதவுகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியற்காலையில் நாயை நடத்திச் செல்லும் பெரியவர்கள் அந்த இரண்டாவது மருந்தைச் செலவில்லாமல் கொடுத்துவருகிறார்கள்.

ஆனால் நன்மை தரும் பொருள் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணிவிடக்கூடாது. சிறு அளவில் இன்றியமையாத செலினியம் மிகுந்தால் நஞ்சு. வைட்டமின் ஏ மிகுந்தாலும் கேடுதான்.

எந்த டப்பாவைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்கும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். இதைக் கொடுத்த நாய்களைக் கொடுக்காத நாய்களுடன் ஒப்பிட்டார்களா? எதை அளந்தார்கள்? உன் நாய்க்கு அந்தக் குறை இருக்கிறதென்று யார் சோதித்துச் சொன்னார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கடைக்காரரிடம் இருக்காது. கால்நடை மருத்துவரிடம் இருக்கும். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக இந்த அறிவை வளர்த்துவரும் நகரம் நம்முடையது. அந்த அறிவிடம் கேட்காமல் ஒரு காகிதச் சீட்டிடம் கேட்பது என்ன நியாயம்?

மணி பிழைத்துக்கொண்டது. ஈறுகள் மறுபடி சிவக்க மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. உண்டியல் பணத்தில் என் மகள் டப்பா வாங்கவில்லை. மணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதற்கும், மிச்சத்தை முட்டைக்கும் செலவிட்டாள். இப்போது மணியின் தட்டில் குழைந்த சோறு, வேகவைத்த முட்டை அல்லது முள் நீக்கிய மீன், கொஞ்சம் கேரட், பூசணி, ஒரு கரண்டி தயிர் இருக்கும். உப்பு, காரம், வெங்காயம் கிடையாது. மாதம் ஒரு முறை எடை பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறாள். அது என் யோசனை; அளந்து பார்ப்பதுதானே என் தொழில்.

நீங்களும் உங்கள் தெரு நாய்க்கு மீந்த உணவை வைப்பவர்களாயின், இன்றிரவு கொட்டுவதற்கு முன் பாத்திரத்துக்குள் ஒரு முறை பாருங்கள். நோயுற்ற நாயை நீங்களே தொட்டுத் தூக்க வேண்டாம்; பெரியவர்களை அழையுங்கள். வெங்காயம் கலந்தது தெரிந்தால் போடாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் அடுத்த வீட்டு மாமியிடமும் இதைச் சொல்லுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.